மரியாதைக்குக் குடித்த காபி

எடையைக் குறைக்கப் பதினொரு நாள் பாலும் சர்க்கரையும் இல்லாமல் காபி குடித்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா டபராவை என் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு, "எழவு வீட்டுல உக்காந்திருக்கிறவன் மாதிரி தெனம் கடுங்காபி என்னடா வேண்டிக்கிடக்கு" என்று கேட்டதோடு அந்த விரதம் முடிந்தது. அம்மா மட்டும் காரணம் இல்லை, நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது. காபி வயிற்றில் அமிலத்தைத் தூண்டிவிடும், அதை வெறும் வயிற்றில் பால் கூட இல்லாமல் ஊற்றினால் சிலருக்கு இப்படித்தான் ஆகும், அந்தச் சிலரில் நானும் ஒருவன். போதாததற்கு எங்கள் வீட்டுத் தூளில் சிக்கரி தாராளம். பாலோடு சேர்ந்தால் நிறமும் கெட்டியும் தருகிற அதே சிக்கரி, வெந்நீரோடு சேர்ந்தால் கஷாயம்.

எடை 84 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு 30-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. நம் ஊர் உடம்புக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்றுதான் கணக்கு, வெள்ளைக்காரர்களுக்குச் சொல்கிற 25, 30 எல்லாம் நமக்குப் பொருந்தாது. இதைக் கேட்டதும் வீட்டில், தெருவில், சலூனில் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "மொதல்ல காபிய நிறுத்துங்க." கும்பகோணத்தில் பிறந்தவனிடம் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

என் தொழிலைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வலங்கைமான், குடவாசல், நாச்சியார்கோவில், கொரடாச்சேரி என்று வண்டியில் சுற்றுவேன். வீடு வீடாகப் போவேன். எங்கள் பக்கத்து வீடுகளில் "காபி சாப்பிடுறீங்களா" என்பது கேள்வியே இல்லை. அதைக் கேட்கும்போதே அடுப்பில் பால் இருக்கும். வேண்டாம் என்றால், "எங்க வீட்டுல எல்லாம் சாப்பிட மாட்டீங்களோ" என்று ஒரு பார்வை வரும் பாருங்கள், அந்தப் பார்வைக்கு முன்னால் எந்த டயட்டும் நிற்காது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புரளும் நேரம் எனக்கு அலைச்சல் அதிகம், காபியும் அதிகம். அந்த ரெண்டு மாதத்தில்தான் பேண்ட் இடுப்பில் பூட்ட முடியாமல் போனது. நான் ஆறு மாதமாக அதைத் தையல்காரர் மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடுங்காபி தோற்ற அன்று ராத்திரி சமையல்கட்டில் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். மகள் கேக் செய்ய வாங்கிய தராசு ஒன்று இருக்கிறது, கிராம் கணக்கில் காட்டும். தலை தட்டிய ஒரு ஸ்பூன் சர்க்கரை 5 கிராம். சரி. அம்மாவைக் கூப்பிட்டு, விருந்தாளிக்குப் போடுவது மாதிரி ஒரு ஸ்பூன் போடுங்கள் என்றேன். கோபுரம் மாதிரி அள்ளினார், 8 கிராம். "ஒண்ணுதானா?" என்றேன். "யாராவது ஒரு ஸ்பூன் போடுவாங்களா" என்று இன்னொரு கோபுரம். ஆக ஒரு காபிக்கு 16 கிராம், அதில் மட்டும் 64 கலோரி. பால் சுமார் 100 மில்லி. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் என்றால் கொழுப்பு 6 சதவீதம், எருமைப்பால் என்றால் அதற்குக் கொஞ்சம் மேலேயும் போகும், எப்படியும் 90 கலோரியை ஒட்டி வரும். டிகாக்‌ஷனில் எவ்வளவு தெரியுமா? ரெண்டு மூன்று கலோரி. அவ்வளவுதான். ஊர் முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காபியின் பங்கு அதுதான்.

ஒரு டம்ளர் 150 கலோரி என்று வைத்துக்கொண்டு நாள் கணக்குப் போட்டேன். வீட்டில் ரெண்டு, வெளியில் சராசரியாக ஐந்து. வெளியில் குடிக்கும் ஐந்து மட்டும் 750 கலோரி, அரைக் கிலோவுக்கு மேல் வெந்த சோறு! நான் மதியம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஆள். சர்க்கரையைக் கூட்டினால் ஏழு காபிக்கு 112 கிராம், மாதத்துக்கு மூணேகால் கிலோவைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள். நான் காலை பத்தரைக்கே அதை முடித்துவிடுகிறேன்.

ஆனால் அந்த ராத்திரி என்னை உறுத்தியது கலோரி இல்லை. இந்த ஏழில் எத்தனையை நான் ஆசைப்பட்டுக் குடித்தேன் என்று யோசித்தால் ரெண்டுதான் தேறியது. காலை ஆறு மணிக்கு வீட்டில் குடிப்பது ஒன்று, மதியத் தூக்கம் தெளிந்து மூன்றரைக்குக் குடிப்பது ஒன்று. மற்ற ஐந்தும் மரியாதைக்குக் குடித்தவை. பாதி ருசி கூட நினைவில் இல்லை. மூன்றாவது கொதி வந்த பால், இரண்டாம் டிகாக்‌ஷன், அதை மறைக்கச் சர்க்கரை. மரியாதைக்குக் குடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு, ஆசைப்பட்டுக் குடித்ததில் பால் எடுத்து, சர்க்கரை எடுத்து என்று பதினொரு நாள் நான் செய்தது என்ன பைத்தியக்காரத்தனம்?

இதற்கு நடுவில் சகலை ஒரு டப்பா கொண்டுவந்தார். பச்சைக் காபி, அதாவது வறுக்காத காபிக்கொட்டைப் பொடி. மூன்று மாதத்தில் பத்து கிலோ குறையுமாம். இந்தக் கதையை நான் ஏற்கனவே படித்திருந்தேன். 2012-ல் நம் நாட்டில் வெறும் 16 பேரை வைத்து நடத்தியதாக ஒரு ஆய்வு வந்து, அமெரிக்கத் தொலைக்காட்சி வரைக்கும் போய் உலகமெல்லாம் டப்பா விற்றது. தரவுகளே சரியில்லை என்று 2014-ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அதை வைத்து வியாபாரம் பண்ணிய அமெரிக்க நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. சகலையிடம் இதைச் சொன்னேன். "அது அமெரிக்கா, இது ஒரிஜினல்" என்றார். டப்பா பரணில் இருக்கிறது.

காபி கொழுப்பைக் கரைக்கும் என்பதில் துளி உண்மையும் இருக்கிறது, மறுக்கவில்லை. காஃபீன் உடம்பின் எரிப்பைக் கொஞ்சம் ஏற்றும். ஒரு காபியில் உள்ள 100 மில்லிகிராமுக்கு 3, 4 சதவீதம், அதுவும் ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு. என் கணக்குக்கு ஏழு எட்டு கலோரி வருகிறது, அரை ஸ்பூன் சர்க்கரை போட்டால் சரியாகப் போச்சு. காபியில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்ததே, அதைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

அப்புறம் ஐந்து வீட்டை எப்படிச் சமாளிப்பது? முதலில் பொய் சொன்னேன். "எனக்கு சுகர் பெரியம்மா, வித்தவுட்தான்." ஒரே வாரம். குடவாசல் பக்கம் சொன்ன பொய் எனக்கு முன்னாலேயே கும்பகோணம் வந்துவிட்டது. ஒருவர் நாவல்கொட்டைப் பொடி கொடுத்தார், ஒருவர் ஆவாரம்பூவைக் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், மச்சினி போன் பண்ணி என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். உச்சம் என்னவென்றால், பாலிசி போட இருந்த ஒருவர், "ஏன் தம்பி, உங்களுக்கு இப்ப யாரு பாலிசி குடுப்பா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அதோடு பொய்யை விட்டேன்.

உண்மையைச் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது. "எடை ஏறிப்போச்சு பெரியம்மா, மோர் இருந்தா குடுங்க." இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று, மோர் கேட்டால் யாருக்கும் கோபம் வருவதில்லை. சித்திரை வெயிலில் வந்தவன் மோர் கேட்பதை இந்த மண்ணில் யார் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்? பெருங்காயம், கறிவேப்பிலை, ஒரு கல் உப்பு, சில வீட்டில் நார்த்தை இலையைக் கிள்ளிப் போடுவார்கள். கொடுத்த திருப்தி அவர்களுக்கும் வந்துவிடுகிறது, நீர்மோர் என்பதால் கலோரியும் பெரிதாக ஒன்றுமில்லை. மழை நாளில்தான் கொஞ்சம் திண்டாட்டம்.

வீட்டுக் காபி ரெண்டையும் விடவில்லை. பால் உண்டு, பாக்கெட் மட்டும் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு, 3 சதவீதம் கொழுப்பு. சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூன் என்று இறக்கி, இப்போது தலை தட்டிய அரை ஸ்பூனில் நிற்கிறேன். சர்க்கரை குறைந்ததும் ஒரு சங்கடம். டிகாக்‌ஷனின் குறையெல்லாம் நாக்கில் தெரிய ஆரம்பித்துவிட்டது. பதினைந்து நாள் பழைய தூள், அடியில் தங்கிய கசண்டு, இரண்டாம் முறை காய்ச்சிய பால், ஒன்றும் ஒளிய முடியவில்லை. அதனால் இப்போது பீபரி என்கிற உருண்டைக் காபிக்கொட்டையை வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்து வாங்குகிறேன், சிக்கரி கால் பங்குக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி. ராத்திரி நானே பில்டரில் போட்டு, குடையை அழுத்தாமல் மேலே வைத்து, கொதிக்கிற வெந்நீரைச் சுற்றி ஊற்றி மூடிவைக்கிறேன். காலையில் கீழ்த்தட்டைத் திறந்தால் வருகிற வாசனைக்கே பாதி காபி குடித்த மாதிரி. நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டபராவை அடுக்கிவைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெயரில் பலகை மாட்டியிருக்கிறார்களே, அங்கே ஒருமுறை சர்க்கரை இல்லாமல் கேட்டுப் பாருங்கள், எது டிகிரி, எது பலகை என்று தெரிந்துவிடும்.

மூன்றரைக்கு மேல் காபி கிடையாது என்பதும் சேர்ந்துகொண்டது. காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகுமாம். ஏழு மணிக்கு ஒருவர் வீட்டில் குடித்துவிட்டு ராத்திரி ஒன்றரை வரை விழித்து, பசித்து, பிஸ்கட் டப்பாவைத் தேடியது எல்லாம் இப்போது இல்லை. டிபன் முடிந்த கையோடு காபி என்கிற வழக்கத்தையும் மாற்றச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2024-ல் சொல்லியிருக்கிறது. மகளுக்கு ரத்தம் குறைவு என்பதால் அவளுக்கு மட்டும் கண்டிப்பாக. எனக்கு? இட்லி முடிந்ததும் காபி இல்லை என்றால் இட்லி சாப்பிட்டதாகவே தோன்றாது, பார்க்கலாம்.

ஐந்து மாதத்தில் 84 போய் 79. தினமும் ஐந்து காபி விட்டதற்கு, காகிதக் கணக்குப்படி பத்து கிலோவாவது போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு வழக்கமான காபி உள்ளே போகாததால் வயிறு கத்தும், மெயின் ரோட்டில் அப்போதுதான் மெதுவடை எண்ணெயிலிருந்து எழும்பும். பிஎம்ஐ 23-க்கு வர வேண்டும் என்றால் 65 கிலோ ஆக வேண்டும். அந்த எடையில் என்னைக் கல்யாண போட்டோவில்தான் பார்க்க முடியும். காலையில் அரசலாற்றங்கரையில் நடக்கிறேன், தண்ணீர் வந்துவிட்டதால் நடக்கவும் நன்றாக இருக்கிறது, வடைக்கு அது ஈடாகுமா என்று தராசுக்காரி மகளிடம்தான் கேட்க வேண்டும்.

நாளைக்குக் கொரடாச்சேரி பக்கம் வேலை, நாலு வீடு. அதில் ஒரு வீட்டில் மட்டும் காபி குடிப்பேன், பாலும் டிகாக்‌ஷனும் அப்படி, மோர் கேட்க மனசே வராது. எந்த வீடு என்று இங்கே எழுதமாட்டேன், மற்ற மூன்று வீட்டிலும் பிரீமியம் வாங்க வேண்டியிருக்கிறது.