குப்புறப் படுத்துக் கேட்ட பூனைக் கதைகள்

வரிகள் வளைந்து தெரிந்தபோது அச்சுக் கோளாறு என்றுதான் நினைத்தேன். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகத் திருச்சியில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அன்றைக்குப் பக்கத்தின் நடுவில் யாரோ கிள்ளி இழுத்ததுபோல வரிகள் சுருங்கியிருந்தன. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதே இடத்தில் அதே கிள்ளல். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். எந்த எழுத்தை உற்றுப் பார்க்கிறேனோ அந்த எழுத்தைக் காணோம்.

விழித்திரையின் நடுவில், மஞ்சள் புள்ளி என்கிறார்களே, அந்த இடத்தில் ஓட்டை. டாக்டர்கள் 'மாக்குலர் ஹோல்' என்கிறார்கள். சிகிச்சையைக் கேட்டபோது சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டு வாயுவை நிரப்புவார்கள். ஓட்டை இருப்பது கண்ணின் பின்சுவரில். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். அது போய் ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் பின்சுவர் மேலே வந்தாக வேண்டும். ஆக, நான் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும். ஏழு நாள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் சலுகை.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கஷ்டம் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். கட்டிலின் விளிம்பில் நெஞ்சு வரைக்கும் படுத்து, தலையை ஒரு முக்காலி மேல் வைத்த வளையத் தலையணையில் புதைத்துக்கொள்ள வேண்டும். நெற்றியும் கன்னமும் மட்டும் பட வேண்டும், கண்ணில் எதுவும் அழுத்தக்கூடாது. முக்காலிக்குக் கீழே ஒரு சாண் மொசைக் தரை. அதுதான் உலகம். முதல் நாள் சாயங்காலத்துக்குள் அந்தத் தரையில் சிவப்புக் கல் எத்தனை, கறுப்புக் கல் எத்தனை என்று எண்ணி முடித்துவிட்டேன்.

பெங்களூரிலிருந்து மகள் பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தாள். பையில் துணியைவிடப் புத்தகங்கள் அதிகம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பேப்பர்பேக்குகள்.

"என்ன கதைடி?"

"கொலைக் கதைதாம்மா. பயப்படாத, பூனை இருக்கு."

இது என்ன சமாதானம் என்று அப்போது புரியவில்லை. எனக்கும் கொலைக் கதைகள் புதிதில்லை. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்களைக் கல்லூரிக் காலத்தில் ஒரே மூச்சில் படித்திருக்கிறேன். பின்னாளில் அப்படிப்பட்ட சிலதுக்கு மெய்ப்பும் பார்த்திருக்கிறேன். ஒரு பிணத்தின் சட்டை ஒரே அத்தியாயத்தில் நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறியதைப் பிடித்துக் கொடுத்தவள் நான். அந்த நாவல்களில் நாய் வந்தால் குரைக்கும், பூனை வந்தால் சகுனத்துக்கு.

மகள் ஆரம்பித்தது லிலியன் ஜாக்சன் பிரௌனின் முதல் நாவல். 1966-இல் வந்தது. பின்னோக்கிப் படிக்கத் தெரிந்த பூனை என்பதுதான் தலைப்பின் பொருள். ஜிம் குவில்லரன் என்று ஒரு பத்திரிகைக்காரர். பெரிய மீசை. ஒரு காலத்தில் குற்றச் செய்திகளில் பெயர் வாங்கியவர், மணமுறிவு, குடி என்று சரிந்து, நடு வயதில் ஒரு நாளிதழில் மறுபடி அடிமட்டத்திலிருந்து தொடங்குகிறார். கொடுத்த வேலை ஓவியப் பக்கம். ஓவியம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. குடியிருக்கும் வீடு அந்தப் பத்திரிகையின் கலை விமர்சகருடையது. விமர்சகரிடம் கோகோ என்று ஒரு சயாமியப் பூனை. விமர்சகர் கொல்லப்படுகிறார். பூனை குவில்லரனுடையது ஆகிறது. அல்லது அவர் பூனையுடையவர் ஆகிறார். கடைசி வரை இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

மகள் ஆங்கிலத்தில் படித்து, இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டு போவாள். முதல் நாள் ஒரு இடத்தில் நிறுத்திச் சிரித்தாள். அந்தப் பெயரின் எழுத்துக்கூட்டல் விசித்திரமாம். க்யூவுக்குப் பிறகு யூ வரவேண்டிய இடத்தில் டபிள்யூ. யாரிடம் பெயர் சொன்னாலும் கூடவே அந்த எழுத்தையும் சொல்லி அழுத்த வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பிழை என்று நினைத்து யாராவது திருத்திவிடுவார்கள். மெய்ப்புத் திருத்துபவளுக்கு இதைவிடப் பிடித்தமான கதாநாயகன் கிடைப்பானா? ஆனால் என் காதுக்கு வந்தது வெறும் குவில்லரன். அந்த டபிள்யூவை என்னால் பார்க்க முடியவில்லை. அது முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாளில் கழுத்து கல்லாகிவிட்டது. மூக்கில் நீர் வடிந்து தரையில் சொட்டும். சாப்பாட்டைக் கிண்ணத்தில் போட்டு முக்காலிக்குக் கீழே வைத்தால் குனிந்தபடி எடுத்துச் சாப்பிடுவேன். தட்டை அப்படித் தரையில் வைப்பது யாருக்கு என்று யோசித்தால் அழுகை வரும். பகல், ராத்திரி வித்தியாசம் போய்விட்டது. சொட்டு மருந்து நேரம் ஒன்றுதான் மிச்சம் இருந்த கடிகாரம். அப்புறம் இன்னொரு கடிகாரம் சேர்ந்தது: கோகோவின் சாப்பாட்டு வேளை.

இந்த வகைக் கதைகளின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது என்று அந்தத் தரையைப் பார்த்தபடிதான் கண்டுபிடித்தேன். ஊரில் யாரோ கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கிறார். குவில்லரனின் மீசை சிலிர்க்கிறது, அவருக்குச் சந்தேகம் தட்டினால் அப்படி. துப்புக் கிடைத்துவிட்டது, ஓட வேண்டும். ஆனால் ஓட முடியாது. வீட்டுக்குப் போய் இறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பூனைக்கு வைக்க வேண்டும். கொலைகாரன் காத்திருக்கலாம், கோகோ காத்திருக்க மாட்டான். என் பழைய மாத நாவல்களில் கதை கொலையிலிருந்து கொலைக்குத் தாவும். இங்கே வேளையிலிருந்து வேளைக்கு நகர்கிறது, நடுவில் கொலை வந்து போகிறது. ஏழு நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த நடை அப்படியே ஒத்துப்போனது.

இரண்டாம் புத்தகத்தில் கோகோ கம்பளித் துணியைத் தின்னத் தொடங்குகிறான். டை, நாற்காலி உறை, எதையும் விடுவதில்லை. சயாமியப் பூனைகளுக்கு நிஜமாகவே அந்தப் பழக்கம் உண்டாம். அவனுக்கு என்ன குறை என்று பூனைகளின் மனம் அறிந்த ஒரு நிபுணரிடம் போகிறார் குவில்லரன். துணை வேண்டும் என்கிறார் அவர். யம் யம் என்ற பெண் பூனை வந்து சேர்வது அந்தப் புத்தகத்தில்தான். கோகோ துப்புக் கொடுக்கும் விதமும் அழகு. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடுவான். அகராதியில் நகத்தை ஊன்றுவான். அது நிஜமாகவே துப்பா, வெறும் பூனைக் குறும்பா என்று ஆசிரியர் கடைசி வரை சொல்வதில்லை. நாமாக அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பூனை வளர்ப்பவர்கள் தினமும் செய்வதும் அதைத்தானே.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. கொல்லைப்புறமாக வந்து பால் பாத்திரத்தை உருட்டும் சாம்பல் பூனை ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றித் துரத்துவது என் வழக்கம். அன்றைக்கு என் ஒரு சாண் தரைக்குள் முதலில் இரண்டு பாதம் வந்தது, பிறகு வால். பிறகு அது நேர் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. என் முகத்தை அந்தக் கோணத்தில் பார்த்த ஒரே உயிர் அதுதான். மகள் பதறிப்போய், "கண்ணுல கிருமி போயிடும்மா" என்று விரட்டினாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அந்தப் பாதம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், எழுதியவர் யார் என்று கேட்டேன். மகள் போனில் தேடிச் சொன்னாள். டெட்ராய்ட் நகரத்து நாளிதழ் ஒன்றில் சுமார் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவரிடம் நிஜமாகவே கோகோ என்ற சயாமியப் பூனை இருந்தது. பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டது. யாரோ தள்ளிவிட்டதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. கெட்ட கனவுகள் விடாமல் துரத்தியபோது அதிலிருந்து மீள ஒரு சிறுகதை எழுதினார், 1962-இல் ஒரு துப்பறியும் இதழில் வந்தது. நாவல்கள் அதற்குப் பின்னால் வந்தவை. முதல் மூன்றுக்கு அப்புறம் பதினெட்டு வருட இடைவெளி. பதிப்பாளர்களுக்கு வன்முறையும் படுக்கையறையும் தேவைப்பட்ட காலம் அது, இவரிடம் இரண்டும் இல்லை. 1986-இல் நான்காவது வந்தது, அதற்குப் பிறகு 2007 வரை நிற்கவே இல்லை, மொத்தம் 29. 2011-இல் 97 வயதில் இறந்தார்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மனிதர்கள் சாவார்கள், பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பது இந்தக் கதைகளின் எழுதாத சட்டம். அதை எழுதியவர் அந்தச் சட்டம் மீறப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கிறார்.

அந்த இறுக்கத்தை மாற்றத்தான் மகள் ஆட்டுக் கதையை எடுத்தாள் போலிருக்கிறது. லியோனி ஸ்வான் என்ற புனைபெயரில் ஒரு ஜெர்மன் எழுத்தாளர் 2005-இல் எழுதியது. அயர்லாந்தில் ஒரு சிற்றூர், மேய்ப்பன் மண்வெட்டி பாய்ந்து செத்துக் கிடக்கிறான், கொன்றது யார் என்று அவனுடைய செம்மறி ஆடுகளே துப்புத் துலக்குகின்றன. அவற்றில் புத்திசாலி மிஸ் மேப்பிள் என்ற ஆடு. ஆடுகளுக்குக் கொலை பற்றி எப்படித் தெரியும்? மேய்ப்பன் தினமும் சாயங்காலம் ஆடுகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவானாம். காதல் கதைகள்தான் நிறைய, ஒரே ஒரு துப்பறியும் கதை, அதையும் பாதியில் நிறுத்திவிட்டான். அந்தப் பாதிக் கதையை வைத்துக்கொண்டு ஆடுகள் புலனாய்வு செய்கின்றன. தலையைக் குனிந்தபடி, யாரோ வாசிக்க, பாதி புரிந்து பாதி புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த என்னைப் பற்றித்தான் அந்தப் புத்தகம். இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்தது அதுதான், பூனைகள் மன்னிக்கட்டும்.

பிடிக்காததும் உண்டு. ரீட்டா மே பிரௌன் எழுதும் வர்ஜீனியா கதைகளில், 1990-இல் தொடங்கிய வரிசை, அட்டையிலேயே அவருடைய பூனை ஸ்னீக்கி பை பிரௌனும் கூட்டாசிரியர். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹாரி என்ற பெண், அவளுடைய பூனை மிசஸ் மர்ஃபி, டக்கர் என்ற கோர்கி நாய். பூனையும் நாயும் தங்களுக்குள் பேசுகின்றன. முதலில் எரிச்சலாக இருந்தது. கோகோவின் மௌனத்துக்குப் பிறகு இது வளவளவென்று பட்டது. ஆனால் விலங்குகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, தொண்டை கிழியக் கத்துகின்றன, ஹாரியோ "பசிக்குதா?" என்று கேட்கிறாள் என்று வரும்போது சிரித்துவிட்டேன். சிரித்தால் தலை ஆடும். "அசையாதம்மா" என்று அதட்டல்.

எட்டாம் நாள் தலையை நிமிர்த்தலாம் என்றார்கள். மகள் ஊருக்குப் போன பிறகு ஒலிநூல்தான் துணை. வாயு முழுக்கக் கரைய ஏழு வாரம் ஆனது. அது வரைக்கும் விமானம் ஏறக்கூடாது, மேலே போனால் வாயு விரியும். நான் எங்கே விமானம் ஏறப் போகிறேன். குமிழி சுருங்கச் சுருங்க, கொத்தனாரின் ரசமட்டத்தில் தண்ணீர் ஆடுமே, அப்படி ஒரு கோடு கண்ணுக்குள் ஆடும். கோட்டுக்கு மேலே உலகம் தெளியும், கீழே கலங்கல். தினமும் கோடு கொஞ்சம் இறங்கும்.

அந்த வாரங்களில் குவில்லரன் வடக்கே மூஸ் கவுன்டிக்குக் குடிபோனார், பெரும் சொத்துக்கு வாரிசானார். பதினாலாவது புத்தகம் வரைக்கும் போனேன். எங்கோ நடுவில் கொலைகள் இளைக்கத் தொடங்கின, விருந்துகள் பெருத்தன. யார் செத்தார் என்பதே சில சமயம் நினைவில் நிற்கவில்லை. நல்ல எடிட்டர் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனாலும் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள்கூடக் கொலைகாரன் யார் என்று கேட்டதில்லை. "அந்தப் பூனை சாப்பிட்டுச்சா?" என்பார்.

எட்டாவது வாரம் கட்டம் போட்ட அட்டையைக் காட்டிச் சோதித்தார்கள். கோடுகள் நேராகியிருந்தன, நடுவில் மட்டும் மயிரிழை நெளிவு. அது அப்படியேதான் இருக்கும், பழகிவிடும் என்றார் டாக்டர். புரை சீக்கிரம் வளரும், அதற்கு இன்னொரு ஆபரேஷன் வரலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, காத்திருந்த மெய்ப்புக் கட்டைத் தொடவில்லை. மகள் விட்டுப்போன முதல் புத்தகத்தை எடுத்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, அந்தப் பெயரைத் தேடினேன். க்யூ. பக்கத்தில் டபிள்யூ. நிஜமாகவே இருந்தது. கை தன்னால் சிவப்புப் பேனாவைத் தேடியது.