316 ஓட்டு: மேய்ன் நாட்குறிப்பு

அக்டோபர் 12, ஞாயிறு

காலை முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு விறகு அடுக்கினேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற மேய்ன் மாநிலத்தில், எங்கள் ஊரான பாங்கோரில், அக்டோபர் பாதிக்குள் விறகு கொட்டகைக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறி ஜனவரியில் புகைதான் மிஞ்சும் என்பார் அவர். 73 வயது, காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தேர்தலில் வந்து நின்றது. "நான் மனசார சந்தோஷமாப் போட்ட ஓட்டு ஒண்ணே ஒண்ணுதான், 92ல பெரோவுக்குப் போட்டது" என்றார்.

ராஸ் பெரோ பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வரிதான்: 1992 ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நின்று, அப்போதைய ஜனாதிபதி புஷ்ஷின் (அப்பா புஷ்) ஓட்டைப் பிரித்து கிளிண்டனை ஜெயிக்க வைத்த டெக்சாஸ் கோடீஸ்வரர். அதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். "நான் யார் ஓட்டையும் பிரிக்கலை. அது என் ஓட்டு." கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. போன வருஷம்தான் குடியுரிமை வாங்கி முதல் முறை ஓட்டுப் போட்டேன், அந்த ஓட்டை இன்னொருவர் கணக்கிலிருந்து நழுவியதாக யாராவது சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று இரவு 1992 முடிவுகளை எடுத்துப் பார்த்தேன், தூக்கமே போய்விட்டது. மேய்ன் மாநிலத்தில் மட்டும்:

கிளிண்டன் 2,63,420. பெரோ 2,06,820. புஷ் 2,06,504.

பதவியில் இருக்கிற ஜனாதிபதி மூன்றாவது இடம்! அதுவும் 316 ஓட்டில். இந்த மாநிலத்தில் 16 கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி), கவுண்டிக்கு இருபது ஓட்டு என்று வைத்தால் கணக்கு முடிந்துவிடும். ஊர் ஊராகப் பிரித்தால் ஊருக்கு ஒரு ஓட்டுகூட வராது. யாரோ சிலர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போகாமல் இருந்திருந்தால் இந்த வரிசை மாறியிருக்கும்.

இதே மேய்ன் 1988ல் இதே புஷ்ஷுக்கு 55 சதவீதம் கொடுத்தது. நாலே வருஷத்தில் அது 30 ஆனது. நாடு முழுக்கப் பெரோ வாங்கியது 18.9 சதவீதம், ஏறக்குறைய ஒரு கோடியே 97 லட்சம் ஓட்டு, ஆனால் மாநிலவாரியாகக் கிடைத்து ஜனாதிபதி யார் என்று முடிவு செய்கிற தேர்வாளர் ஓட்டு ஒன்றுகூடக் கிடையாது. கிளிண்டனுக்கு 370, புஷ்ஷுக்கு 168, பெரோவுக்குப் பூஜ்யம். மேய்னில் அவருக்கு விழுந்தது 30 சதவீதம், 50 மாநிலங்களில் அவருக்கு மிக அதிகமாகக் கொடுத்தது இதுதான்.

அன்று யூட்டாவில் நடந்ததும் கண்ணில் பட்டது. அங்கே புஷ் முதலிடம், பெரோ இரண்டாமிடம், கிளிண்டன் மூன்றாமிடம். ஒரே இரவில் ஒரு மூலையில் ஜெயிக்கப் போகிறவர் மூன்றாவது, இன்னொரு மூலையில் ஆண்டுகொண்டிருப்பவர் மூன்றாவது. மும்முனைப் போட்டி என்றால் இதுதான்.

அக்டோபர் 15, புதன்

இதே தேதியில்தான் 1992ல் ரிச்மண்டில் இரண்டாவது விவாதம், பொதுமக்களே எழுந்து கேள்வி கேட்டது. பழைய பதிவை முழுசாகப் பார்த்தேன். புஷ் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அந்த நொடியை எல்லோரும் சொல்வார்கள், என் கண் நின்றது பெரோ மேல்தான். சின்ன உருவம், பெரிய காதுகள், கீச்சுக் குரல். மெக்சிகோவோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டால் வேலைகள் தெற்கே போகிற பெரிய உறிஞ்சல் சத்தம் கேட்கும் என்று அவர் சொன்னது இந்த மேடையில்தான். லூயிஸ்டன், ஆபர்ன் பக்கம் செருப்புத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் ஏற்கெனவே காதில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் விலைக்கு வாங்கிய அரைமணி நேர டிவி நிகழ்ச்சி ஒன்றையும் பார்த்தேன். ஒரு மேஜை, அட்டையில் வரைந்த படங்கள், கையில் ஒரு குச்சி. கடன் நாலு லட்சம் கோடி டாலர் என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒவ்வொரு அட்டையாகத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். பாட்டு இல்லை, கொடி இல்லை. இதையும் கோடிக்கணக்கான பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பெரியவரிடம் சொன்னேன். "ஷிப்ட் முடிஞ்சு வந்து சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து பாத்தேன், என்னைப் புரிஞ்சுக்கத் தெரிஞ்ச ஆளா நினைச்சு ஒருத்தர் கணக்கு சொன்னது அதுதான் முதல் தடவை" என்றார்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் மனைவி 92ல் கிளிண்டனுக்குப் போட்டவர், இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். "ஜூலையில விட்டுட்டு ஓடுனவருக்கு எப்படிப் போட்டீங்க?" என்று மேஜையிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. ஜூனில் காலப் கருத்துக்கணிப்பில் பெரோ 39, புஷ் 31, கிளிண்டன் 25 என்று முன்னால் இருந்தவர், ஜூலை 16 அன்று விலகிவிட்டார், அக்டோபர் 1 அன்று திரும்பி வந்தார். அவர் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிய தொண்டர்கள் நடுவில் கைவிடப்பட்டார்கள். பெரியவரும் அதை மறுக்கவில்லை. "அது தப்பு. ஆனா திரும்பி வந்தாரே" என்று மட்டும் சொன்னார்.

ஏன் மேய்ன் இவ்வளவு தூரம் போனது? சாப்பிட்டு முடித்து ரொம்ப நேரம் பேசினோம். நியூ இங்கிலாந்து முழுக்க, அதாவது மேய்னும் சேர்ந்த வடகிழக்கு மாநிலங்களில், அப்போது பொருளாதார மந்தம். 1991ல் மாநில பட்ஜெட் சண்டையில் அரசு அலுவலகங்களே மூடிக் கிடந்தன. அதே வருஷம் வடக்கே லைம்ஸ்டோனில் லோரிங் விமானப்படைத் தளம் மூடப்படும் பட்டியலில் வந்தது, உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே அந்தத் தளத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் இருந்தன. இதற்கு மேல், புதிய வரி கிடையாது என்று 88 மாநாட்டில் அடித்துச் சொன்ன புஷ், 1990ல் வரியை ஏற்றச் சம்மதித்தார். வரிகூடப் பரவாயில்லை, சொன்ன சொல் போனதுதான் தனக்கு உறைத்தது என்கிறார் பெரியவர்.

எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. மேய்னுக்குக் கட்சி இல்லாத ஆளுக்குப் போட்டுப் பழக்கம் இருந்தது. 1974லேயே லூயிஸ்டன் இன்ஷூரன்ஸ்காரர் ஜேம்ஸ் லாங்லி சுயேச்சையாக நின்று கவர்னர் ஆனார். பெரோவுக்கு ரெண்டு வருஷம் கழித்து, 1994ல், ஆங்கஸ் கிங் அதேபோல ஜெயித்தார், அவர் இன்றைக்கும் சுயேச்சையாக செனட்டில் இருக்கிறார். இங்கே சுயேச்சைக்குப் போடுவதை ஓட்டை வீணாக்குவதாக யாரும் நினைப்பதில்லை. வேறு மாநிலத்தில் மனசுக்குள் பெரோவை வைத்துக்கொண்டு கடைசி நிமிஷத்தில் ஜெயிக்கிறவர் பக்கம் சாய்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், இங்கே சாயாமல் நின்றார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டேன். இப்போது மேய்னில் இருக்கிற மாதிரி அன்றைக்கே வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்துகிற விருப்ப வரிசை வாக்குச்சீட்டு இருந்திருந்தால் இரண்டாவது இடத்தில் யாரைப் போட்டிருப்பீர்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

வாக்கைப் பிரித்தார் என்ற பேச்சைப் பற்றி. வாக்குச்சாவடி வாசலில் அன்று எடுத்த கணக்கெடுப்பில், பெரோ இல்லாவிட்டால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்று அவருக்குப் போட்டவர்களையே கேட்டார்கள். 38 சதவீதம் புஷ், 38 சதவீதம் கிளிண்டன், மற்றவர்களில் பலர் வந்திருக்கவே மாட்டோம் என்றார்கள். இவ்வளவு தெளிவாக இருந்தும் முப்பது வருஷமாக அதே பழியை மக்கள் மேல் போடுகிறார்கள், எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

கிளிண்டன் பக்கம் ஒரு விஷயமும் உண்மை. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி அவர் ஜெயித்த மாநிலம் ஆர்கன்சா ஒன்றுதான், அது அவர் சொந்த மாநிலம். மேய்னில் 39 சதவீதம்தான், நாலு தேர்வாளர்களும் அவருக்கே. இங்கே முறையே வேறு: மாநிலம் முழுக்க முதலில் வருபவருக்கு ரெண்டு, இரண்டு காங்கிரஸ் தொகுதியிலும் முதலில் வருபவருக்குத் தலா ஒன்று. 1972 தேர்தலிலிருந்து இப்படித்தான். நாங்கள் இருக்கிற வடக்குத் தொகுதியில் பெரோ தெளிவாக இரண்டாவது வந்தார், நாட்டிலேயே ஒரு தேர்வாளர் ஓட்டுக்கு அவர் மிக அருகில் வந்தது இங்கேதான். 2016ல் டிரம்ப் இந்தத் தொகுதியின் ஒற்றை ஓட்டைத் தனியாக எடுத்தபோதுதான் மேய்ன் ஓட்டு முதல் முறை இந்த விதியில் பிரிந்தது.

இன்னொன்று, இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். 1912லும் மும்முனைப் போட்டிதான். குடியரசுக் கட்சி டாஃப்ட் ஒரு பக்கம், தியடோர் ரூஸ்வெல்ட் ஒரு பக்கம் என்று உடைந்தது. மேய்னில் ஜனநாயகக் கட்சியின் வில்சன் 39 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ரூஸ்வெல்ட் 37, பதவியில் இருந்த டாஃப்ட் மூன்றாவது. எண்பது வருஷம் கழித்து அதே 39, பதவியில் இருந்தவர் அதே மூன்றாவது!

நவம்பர் 1, சனி

கென்னபங்க்போர்ட் போய் வந்தேன், இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். புஷ் குடும்பத்தின் வாக்கர்ஸ் பாயின்ட் வீடு கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனையில் இருக்கிறது, சாலையோரம் நின்றாலே தெரியும். போர்க்காலத்தில் ஒரே ஒரு கோடை தவிர எல்லாக் கோடையும் இங்கே வந்தவர் அவர். 1991 அக்டோபர் கடைசியில் வந்த புயல் அந்த வீட்டின் சுவரை உடைத்து உள்ளேயிருந்த சாமான்களை அள்ளிக்கொண்டு போனது. சரிசெய்து திரும்ப வந்தார். அடுத்த வருஷம் ஓட்டு. அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது ஹூஸ்டனில், அதனால் இந்த 316ல் அவர் ஓட்டும் இல்லை, அவர் மனைவி பார்பரா ஓட்டும் இல்லை.

சாலையோரம் அவர் நினைவாக ஒரு பெரிய நங்கூரம் வைத்திருக்கிறார்கள். அதன் இரும்பில் கை வைத்துப் பார்த்தேன், உப்புக் காற்றில் சில்லென்றிருந்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா தொலைநோக்கியில் கடல்வாத்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். புஷ் ஊருக்குள் வந்தால் கடைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்றார். 92ல் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

தனக்குப் பிடித்த இடத்து மக்களே கைவிட்டால் ஒரு மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? பெரியவரின் ஓட்டை மதிக்கிற அதே மனசோடு இதையும் நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

1992 தேர்தலும் இதே தேதிதான், அன்று செவ்வாய். நாளைக்கு இங்கே பொது வாக்கெடுப்பு, தெரு முழுக்கப் பலகைகள்.

போன வருஷ வாக்குச்சீட்டின் மாதிரியை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பெயர்கள் இடது பக்கம் கீழே கீழே, வலது பக்கம் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று நெடுக நீள்வட்டங்கள், ஒவ்வொன்றையும் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். 2010ல் பலமுனைப் போட்டியில் லெபேஜ் 38 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கிக் கவர்னர் ஆனார், அந்த எரிச்சல்தான் 2016ல் இந்த விருப்ப வரிசை முறையை வாக்கெடுப்பில் ஜெயிக்க வைத்ததில் பெரும்பங்கு. 2020ல் ஜனாதிபதி தேர்தலுக்கே இதைப் பயன்படுத்திய முதல் மாநிலம் மேய்ன்.

ஒரு பழுப்புக் காகிதத்தில் மூன்று பெயரையும் எழுதி, வட்டம் போட்டு, பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். முதல் வரிசையில் பெரோவை நிரப்பினார், கை லேசாக நடுங்கியது. இரண்டாவது வரிசையில் பேனா நின்றுவிட்டது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்கு புஷ்" என்று நிரப்பினார். "தம்பிக்கு நேத்து போன் போட்டுக் கேட்டேன். அவனும் பெரோவுக்குத்தான் போட்டான். அவனுக்கு ரெண்டாவது கிளிண்டனாம்."

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். அப்புறம் ராத்திரி மழை வரும் போலிருக்கிறது, விறகு மேல் தார்ப்பாய் சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டுப் போ என்றார்.