சீசன் முடியட்டும்

"சுவரில் இருக்கும் இந்தப் புகார் நம்பருக்கு அடித்தால் யார் சார் எடுப்பார்கள்?" என்றுதான் அந்த அம்மா கேட்டார். எனக்கும் தெரியாது. "அதெல்லாம் எதற்கம்மா, என்னிடம் சொல்லுங்கள். சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வரிசை அவருடையது. சொல்யூஷன் நெடியை வெளியே இழுக்கும் ஃபேன் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. விரலில் காய்ந்திருந்த பசையை உரித்து உருட்டியபடியே பேசினார். உருண்டையைக் கீழே போடவில்லை, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். தரையில் குப்பை போட்டால் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டியவன் நான்.

அந்த நம்பர் இருந்த சுவரொட்டியை ஒட்டியதும் நான்தான். எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மானிய நிறுவனம், அதாவது பையர், அனுப்பியது. அவர்கள் நாட்டு விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டில் தைப்பவரும் முறையிட வழி வைத்தாக வேண்டும் என்றாகிவிட்டது. தவறினால் அங்கே அரசு அபராதம் போடலாம். ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் காட்டித் தொழிலாளி நஷ்டஈடு வாங்க முடியாது. பிறகு போன் செய்து என்ன பயன்? ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்குப் போவது பசை வரிசைதானே? இப்படித்தான் அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு கராச்சி வழக்கைப் படித்தேன். 2012இல் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே துணி தைத்து வாங்கிய கிக் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் மீது ஜெர்மனியின் டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் தள்ளுபடி. பாகிஸ்தான் சட்டப்படி காலக்கெடு கடந்துவிட்டதாம். நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. பொறுங்கள், பார்க்கலாம் என்று அங்கேயும் யாரோ சொல்லியிருப்பார்களோ?

ஒரு ஃபேனையும் அந்தத் தீயையும் சேர்த்துப் பேசுவது அதிகம்தான். தோல் ஆலைக் கழிவு பற்றிய 1996 பாலாறு வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பற்றி எங்கள் மேனேஜர் அடிக்கடி புலம்புவார்: "தோல் பதனிட்டவன் கூண்டில் நின்றான், அந்தத் தோலில் செய்த ஷூவை விற்ற வெளிநாட்டுக் கடைக்காரன் நின்றானா?" பாதி நியாயம். மறு பாதியைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

பையரின் ஆடிட்டுக்கு முந்தின வாரம் ஃபேன் ஓடியது. படிவத்தில் "இந்த ஆண்டு வந்த புகார்கள்" என்ற கட்டத்தில் 0 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று சொல்ல முடியாது. யார் எடுப்பார்கள் என்று மட்டும்தானே அந்த அம்மா கேட்டார்.