ஜிப்ஸியின் நடுக்கமும் "பழைய வண்டி, அப்படித்தான்" என்ற பதிலும்

பழைய மாருதி ஜிப்ஸி (நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டி அதிர்ந்தால் எடுத்த எடுப்பில் டயர் கடைக்கு ஓடாதீர்கள். என்னை எல்லோரும் அங்கேதான் அனுப்பினார்கள். பேலன்ஸிங் செய்தார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள், லேசாக வளைந்திருக்கிறது என்று ஒரு ரிம்மையும் தட்டிக் கொடுத்தார்கள். பணம் போனதுதான் மிச்சம். மேட்டுப்பாளையம் சாலையில் 70-ஐத் தொட்டதும் இரண்டு கியர் லீவர்களும் கிடுகிடுவென்று ஆடின. பின்னால் வரும் லாரி கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்தது.

மெக்கானிக்குகள் சொன்னது ஒரே பதில்: "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." வாங்கிய நாளில் ஆடாத வண்டி இப்போது ஆடுகிறது என்றால், நடுவில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அது எது என்று தேடச் சோம்பல். பழியை மட்டும் வயதின் மேல் போட்டுவிட்டார்கள்.

நானே சாலையில் இறங்கிச் சோதித்தேன். ஸ்டீயரிங் ஆடவில்லை, இருக்கையும் தரையும்தான் அதிர்ந்தன. எனவே முன் சக்கரங்கள் மேல் இருந்த சந்தேகம் குறைந்தது. அதே 70-இல் நான்காவது கியரிலும் ஐந்தாவதிலும் ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசமில்லை. நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினை ஐடிலில் விட்டேன், அப்போதும் நடுக்கம் தொடர்ந்தது. அத்துடன் இன்ஜினும் கிளட்சும் வழக்கிலிருந்து விடுதலை. கிளட்ச் பிளேட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். ஆளில்லாத சமதளச் சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்ஜினின் இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஜிப்ஸியில் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை, ரப்பர் மவுண்டுகளில் தனியாகத் தொங்குகிறது. ஆகவே சுழற்சியைக் கடத்தும் தண்டுகளான புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள் மூன்று: கியர்பாக்ஸிலிருந்து வரும் குட்டை ஷாஃப்ட், முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் பின் ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு முறை சுற்றிவிடும். 70 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்று என்றால் ஷாஃப்ட் முப்பத்தைந்துக்கும் மேல். சக்கரத்தில் கோளாறு இருந்தால் உடம்பு குலுங்கும். ஷாஃப்ட்டில் இருந்தால் உள்ளங்கால் கூசும், காதில் ரீங்காரம் கேட்கும். எனக்கு இருந்தது இரண்டாவது.

முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், பலனில்லை. அதை மாட்டிவிட்டுப் பின் ஷாஃப்ட்டைக் கழற்றி, முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப்புகளைப் பூட்டி, ஃபோர் வீல் ஹையில் (நான்கு சக்கர இழுவையின் வேக நிலையில்) முன் சக்கரங்களின் இழுவையில் மட்டும் ஓட்டினேன். நடுக்கம் நின்றது! (கழற்றுவதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள். ஷாஃப்ட் இல்லாத வண்டியை கியர் பிடித்து நிறுத்தாது.)

கழற்றிய ஷாஃப்ட்டின் பின் முனையில், சாய்வாகச் சுழல உதவும் சிலுவை வடிவ மூட்டான கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செம்பொடி படிந்திருந்தது. மூடியைத் திறந்தால் கிரீஸ் இருந்த அடையாளமே இல்லை, ஊசி பேரிங்குகள் துருவாக உதிர்ந்தன. கிராஸின் காலை நகத்தால் வருடியபோது ஊசிகள் பதிந்த வரிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன.

கிராஸ்களை மாற்றித்தரச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்த வண்டி 40-லேயே ஆடத் தொடங்கியது. போன் செய்தால், "புது கிராஸ் சார், செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்" என்கிறார்கள். காலுக்குப் பழகுவதற்கு அது என்ன செருப்பா?

ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகளான யோக்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சாய்வாகச் சுழலும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனையில் உள்ள கிராஸ் அதற்கு நேர்மாறாகச் செய்து சமன் செய்யும். யோக்குகள் விலகிவிட்டால் சமன்பாடு கெட்டுவிடும். பட்டறையில், ஷாஃப்ட் நீண்டு குறுக இடம் தரும் சறுக்கு இணைப்பைப் பிரித்து, பள்ளம் மாற்றிச் செருகியிருந்தார்கள். "எப்படி மாட்டினால் என்ன, வட்டமாகத்தானே சுற்றுகிறது?" என்று உரிமையாளர் வாதாடினார். ஷாஃப்ட்டைத் தரையில் கிடத்தி ஒரு யோக்கைச் சமமாக நிறுத்தச் சொன்னேன். மற்றது கோணலாக நின்றது. அங்கே வேலை பழகும் பையன் கம்பித் தூரிகையால் சேற்றைச் சுரண்ட, இரண்டு பாகங்களிலும் அம்புக்குறிகள் வெளிப்பட்டன. அதன்பிறகு யாரும் வாதாடவில்லை. கூலி வாங்காமல் மாட்டிக்கொடுத்தார்கள்.

பிரிப்பதற்கு முன் குழாயிலும் யோக்கிலும் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்சுகளிலும் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். பட்டறைக்காரர் போடுவார் என்று நம்ப வேண்டாம். குழாயில் பற்றவைத்திருக்கும் சின்னத் தகடுகள் பேலன்ஸுக்கானவை. துரு என்று நினைத்துத் தட்டிவிட்டால் வேறு செலவு வரும். "பினியன் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் போதும்" என்று யாராவது ஸ்பானரோடு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது அச்சுக்குள் ஷாஃப்ட் சுழற்றும் பினியன் பல்சக்கரத்தின் பேரிங்குக்கு முன்னழுத்தத்தைத் தீர்மானிக்கும் நட். கண்டபடி இறுக்கினால் பேரிங் சூடாகிக் கெடும்.

முக்கால்வாசி நடுக்கம் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஓர் உறுமல் மிச்சமிருந்தது. அதற்குக் காரணம் டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்ட். பார்வைக்கு முழுசாக இருந்த ரப்பர், கடப்பாரையால் கேஸை நெம்பியதும் இரும்பிலிருந்து விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை சுமை தாங்காது என்பதால் மூன்றையும் மாற்றினேன். கோவையில் ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்து வாங்கியதில் சிக்கல் ஏதுமில்லை.

இப்போது 80-இல் கண்ணாடியில் தெரிவது ஒரே லாரி. அதற்கு மேல் போனால் மெல்லிய ஓசை கேட்கிறது. மட் டயரின் பட்டை அமைப்பால் வருவது. அதைச் சரிசெய்கிறேன் என்று யாரிடமும் வண்டியைக் கொடுப்பதாக இல்லை.