1,999 ரூபாய் ஃபோனும் அம்மாவின் பால் கணக்கும்

ஆகஸ்ட் 25, 2014, திங்கள்

ஒருவழியாக வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் பிரவுசர் செய்யும் மோசில்லாவின் புது ஃபோன் சிஸ்டம், ஃபயர்பாக்ஸ் ஓஎஸ். அதில் ஓடும் ஃபோன் இன்று முதல் இந்தியக் கடையில். இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ், விலை 1,999 ரூபாய். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே ஆர்டர் போட்டேன்.

ஸ்பெக்கைக் கேட்ட பக்கத்து சீட் நண்பர் சிரித்தார். மூன்றரை அங்குலத் திரை, 128 எம்பி ராம், 2 மெகாபிக்சல் கேமரா, 3ஜி கிடையாது. சிரிக்கட்டும். ஆறு வருடமாக வெப் பக்கம் செய்து வயிறு வளர்ப்பவன் நான். ஆண்ட்ராய்டு என்றால் ஜாவா படி, ஐஃபோன் என்றால் முதலில் ஒரு மேக் வாங்கு என்பார்கள். இந்த ஃபோனில் நம்பர் அழுத்தும் திரைகூட எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும்தான். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கொண்டே ஒரு முழு ஃபோனைக் கட்டியிருக்கிறார்கள்.

போன வருடம் ஏப்ரலில் இதே ஓஎஸ்ஸில், ஆப் எழுதும் டெவலப்பர்களுக்கென்று கீக்ஸ்ஃபோன் கியான் என்ற ஃபோன் வந்தபோது, யோசித்து முடிப்பதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. ஜூலையில் ஸ்பெயினில் இன்னொன்று, இசட்டிஇ ஓப்பன், 69 யூரோவுக்கு வந்தது, தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

ஃபோன் வருவதற்குள் ஓர் ஆப் தயாராக இருக்க வேண்டும் என்று இரண்டு ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ‘பால் கணக்கு’. விருதுநகரில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் மாதக் காலண்டர் தொங்கும், அதன் ஆணியில் நூல் கட்டிய பென்சிலும். பால் வாங்கியதும் அன்றைய கட்டத்தில் அம்மா ஒரு கோடு போடுவார். ஒரு கோடு என்றால் அரை லிட்டர். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பால்காரருக்குப் பணம். அதைத்தான் அப்படியே திரைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எதையும் டைப் செய்ய வேண்டாம், கட்டத்தைத் தொட்டால் கோடு விழும். நெட்டும் தேவையில்லை, எல்லாம் ஃபோனுக்குள்ளேயே சேமிப்பாகும்.

ஃபோனைப் போலவே லேப்டாப்பில் ஓட்டிக் காட்டும் சிமுலேட்டரில் பறக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

பார்சல் காலையிலேயே ஆபீசுக்கு வந்தது. கையில் எடுத்தால் சோப்புக் கட்டி கனம்கூட இல்லை. முதல் வேலையாக மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். இந்தியும் தமிழும் ஆரம்பத்திலேயே இருக்கின்றன. ‘கொ’வும் ‘கை’யும் எழுத்து சிதறாமல் நின்றன. கேட்பதற்கு இது ஒன்றுமில்லாத விஷயம். ஃபோனில் பெட்டி பெட்டியாகத் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும்.

கேபிளைச் செருகி, லேப்டாப்பிலிருந்து ஃபோனைச் சோதிக்க டெவலப்பர் மெனுவில் ரிமோட் டீபக்கிங்கை ஆன் செய்து, ஆப்பை ஏற்றினேன். திறந்தது. மறைந்தது. மறுபடி திறந்தது. மறைந்தது.

மூன்று மணி நேரம் புரோகிராமை வரி வரியாகத் தேடினேன். குற்றவாளி, அழகுக்காக நான் பின்னணியில் வைத்த எங்கள் தெரு மாட்டின் படம். ஃபைலாகப் பார்த்தால் 400 கேபிதான். ஆனால் திரையில் விரித்தால் 2048-க்கு 1536 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், ஆக 12 எம்பி. மொத்தமே 128 எம்பி உள்ள ஃபோனில், அதிலும் பெரும்பங்கை சிஸ்டம் எடுத்துக்கொண்ட பிறகு, என் ஒரு மாடு 12 எம்பியைத் தின்கிறது! ராம் தட்டுப்பாடானதும் சிஸ்டம் ஆப்பை மூடிவிடுகிறது. சிமுலேட்டர் என் லேப்டாப்பின் ராமில் ஓடியதால் இது தெரியவே இல்லை. படத்தைத் திரை அளவுக்கு, 320-க்கு 480 ஆகச் சுருக்கினேன். 600 கேபிதான் ஆனது. அப்புறம் சும்மா சேர்த்திருந்த ஜேக்வரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பையும் எடுத்துவிட்டேன். இப்போது நிற்கிறது.

ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு. நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கொழுக்கட்டை. மத்தியானம் ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன். இந்த மாதக் கோடுகளைக் காலண்டரைப் பார்த்து இரண்டு பேரும் ஏற்றினோம். பதினான்காம் தேதியில் அம்மாவின் விரல் நின்றது.

“ஏப்பா, அன்னைக்குப் பால்காரர் வரல. இதுல எங்க போட?”

“ஒண்ணும் போட வேண்டாம்மா, சும்மா விடுங்க.”

“சும்மா விட்டா, நான் போட மறந்தேனா அவர் வரலையான்னு எப்படித் தெரியும்?”

காலண்டரைப் பார்த்தேன். பதினான்கில் ஒரு பெருக்கல் குறி. இத்தனை வருடம் அந்தச் சமையல்கட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அந்தக் குறியைக் கவனித்ததே இல்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா எழுப்பினார். “எந்திரிப்பா, கோடு நேத்துக் கட்டத்துல விழுது.”

தூக்கக் கலக்கத்தில், நேற்றைய கட்டத்தைத் தொட்டிருப்பீர்கள் என்றேன். ‘இன்று’ பட்டனைத்தான் அழுத்தினேன் என்றார். நானும் அழுத்திப் பார்த்தேன். 29-இல் விழுந்தது. ஃபோன் தேதி 30 என்றுதான் காட்டியது. காப்பி குடித்துவிட்டு ஆறு மணிக்கு அழுத்தினால் ஒழுங்காக 30-இல் விழுகிறது. பிள்ளையாரப்பா என்று தலையில் கைவைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. தேதி எடுக்க நான் எழுதியிருந்த வரி கொடுப்பது கிரீன்விச் நேரத் தேதியை. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக, காலை 5:30 வரைக்கும் அந்த வரிக்கு நேற்றுதான். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து சோதிக்கிறவனுக்கு இது எப்படிப் புலப்படும்? பால் ஐந்து மணிக்கு வருகிறது! ஒரே வரியை மாற்றினேன், சரியானது.

அம்மா ஃபோனைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இன்னொன்று ஆர்டர் போட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்தே 4,000 ஆகவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்த ஃபோன்களுக்கான ஆப் கடையான ஃபயர்பாக்ஸ் மார்க்கெட்பிளேஸுக்கு ஆப்பை அனுப்பியாயிற்று. ஆப்பின் விவரங்கள் இருக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதால் முதல் தடவை ஏற்கவில்லை. விளக்கத்தைத் தமிழில் மட்டும் எழுதினேன். யார் வாங்குவார்கள் என்று நண்பர் கேட்டார். இலவசம்தான் என்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று டெல்லியில் கூகுளின் சுந்தர் பிச்சை, குறைந்த விலை ஆண்ட்ராய்டு ஃபோன்களான ஆண்ட்ராய்டு ஒன்னை அறிமுகப்படுத்தினார். இன்றைக்கு ஆபீசில் அதே பேச்சு. விலை 6,399-இல் ஆரம்பம், ஒரு ஜிபி ராம். ஃபயர்பாக்ஸ் சின்னத்தில் இருக்கும் நரியை வைத்து, “உன் நரிக்கு ஆப்பு” என்கிறார்கள். நல்ல ஃபோன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு இதில் மூன்று வாங்கி மீதியில் டீயும் குடிக்கலாம். முதல் தடவையாக ஃபோன் வாங்குகிறவருக்கு 4,400 ரூபாய் வித்தியாசம் என்னவென்று இங்கே யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. ஒரு ஜிபி ராம் வந்தால் நான் மறுபடியும் மாட்டுப் படம் வைப்பேன், அது வேறு.

மார்க்கெட்பிளேஸில் ஆப் வந்துவிட்டதைச் சொல்ல ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். “அப்படியாப்பா” என்றார். அடுத்த மூச்சில், “பேப்பர்காரருக்கும் ஒரு கட்டம் போட்டுக் குடு. ஞாயித்துக்கிழமை மட்டும் அவருக்கு வேற வெலை” என்றார்.

மணி இப்போது பதினொன்றரை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி விலை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து சோதிக்க வேண்டும்.