போல்ட்டின் கார்பன் கணக்கு வயர் ராடில் இருக்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி, அதாவது சிபிஏஎம், 2026 ஜனவரி 1 முதல் பணச் சுமையாகிவிட்டது. அதற்கு முன், 2023 அக்டோபர் தொடங்கி, அறிக்கை மட்டும்தான் கேட்டார்கள். இதையும் சுங்க வரி போல நினைக்கும் ஏற்றுமதியாளர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலான சுங்க வரி சரக்கின் விலைமேல் விழும். இது சரக்கைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவின் எடைமேல் விழும். அதனால் மலிவுச் சரக்குக்குத்தான் அடி பலம். வர்த்தக ஒப்பந்தத்தில் சுங்கம் பூஜ்யமானாலும் இது நிற்கும்.

முதலில் உங்கள் சரக்கின் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்க வகைப்பாட்டு எண்ணைப் பாருங்கள். 7318 (போல்ட், நட்), 7307 (பைப் ஃபிட்டிங்) வளையத்துக்குள். கோவையிலிருந்து போகும் பம்ப் (8413) 2026 தொடக்கப் பட்டியலில் இல்லை.

போல்ட்டுக்கு ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு. 1 டன் போல்ட்டுக்கு 1.05 டன் வயர் ராடு, அதாவது போல்ட் செய்ய வாங்கும் எஃகுக் கம்பி, வேண்டும். ஊதுலை இரும்பில் வந்த ராடு என்றால் டன்னுக்கு 2.4 டன் வாயு, 1.05 ஆல் பெருக்கினால் 2.52. வெட்டுக்கழிவை ஸ்கிராப்பாக விற்றாலும் அதன் சுமை போல்ட் தலையில்தான், ஏனென்றால் ஸ்கிராப்புக்கு உமிழ்வு பூஜ்யம் என்பது விதி. ஹீட் ட்ரீட்மென்ட் எரிவாயுவுக்கு 0.1 சேர்த்தால் 2.62. இரும்புக்கு மின்சாரம் இப்போது கணக்கில் வராது. ஐரோப்பிய ஆலைக்குக் கிடைக்கும் இலவச ஒதுக்கீட்டுக்கு (காசில்லாத உமிழ்வு உரிமைக்கு) ஈடாக, 2026இல் அளவுகோலின் (அந்தப் பொருளுக்கு ஒன்றியம் வைத்த டன்னுக்கான உமிழ்வு அளவின்) 97.5% கழியும். அளவுகோல் 1.4 என்றால் மீதி 1.255 டன். கார்பன் விலை 75 யூரோ என்றால் டன் போல்ட்டுக்குச் சுமார் 94 யூரோ. 2034இல் கழிவே கிடையாது: 196 யூரோவைத் தாண்டும்.

ஆக, பாரத்தில் முக்கால்வாசிக்கு மேல் வாங்கிய ராடோடு வருகிறது. மின் உலை ராடு என்றாலே குறைவு என்று நம்பிவிடாதீர்கள். நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமல் எடுத்த இரும்பு) அதில் போயிருந்தால் எண் எகிறும்.

ராடு விற்ற மில் உமிழ்வுக் கணக்குத் தராவிட்டால், ஒன்றியமே வைத்திருக்கும் இயல்பு மதிப்பு பொருந்தும். அதன்மேல் 2026இல் 10%, 2027இல் 20%, 2028 முதல் 30% கூடுதல். சுத்தமாகச் செய்தவருக்கும் இதே தண்டனை என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

ஆண்டுக்கு 50 டன் விலக்கு இறக்குமதியாளருக்குத்தான், உங்களுக்கு அல்ல. நீங்கள் 20 டன் அனுப்பினாலும், அவர் மற்றவர்களிடம் வாங்கியதும் சேர்ந்தே எண்ணப்படும். இறக்குமதியாளர் இந்த வரியைச் சான்றிதழ் வாங்கித்தான் கட்டுவார்; 2026 சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில்தான் தொடங்கும், கணக்கு ஒப்படைப்பு அதே ஆண்டு செப்டம்பர் 30க்குள். ஷிப்மென்ட் போய் ஓராண்டு கழித்து அவரிடமிருந்து டெபிட் நோட் (பணம் கேட்கும் பற்றுச் சீட்டு) வரலாம் என்பதால், யார் எவ்வளவு ஏற்பது என்று இப்போதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சொந்த நாட்டில் உண்மையில் கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ளலாம். அங்கே இலவசமாகக் கிடைத்த ஒதுக்கீட்டுக்குக் கழிவு இல்லை. அடுத்த ராடு ஆர்டரிலேயே, எந்த உலை வழி, டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு, எந்த ஆண்டுக் கணக்கு, சரிபார்த்தது யார் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள்.