துண்டை கண்ணுல கட்டிட்டு தூங்கப் பழகுன மூணு மாசம்

ஜெயிலுக்குள்ள போறது எப்படினு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைங்க, கூட்டிட்டுப் போய் விட்டுருவாங்க. வெளிய வர்றதுக்குத்தான் ஆள் வேணும். எனக்கு அந்த ஆளா இருந்தது ஆபீசருங்க இல்ல, என்கூட இருந்த இன்னொரு ஆயுள் தண்டனை சிறைவாசி. அவரைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

வரப்புத் தகராறு, கையில கெடச்சத எடுத்து அடிச்சேன், ஒரு உசுரு போயிருச்சு. 302, ஆயுள். 2007 கடைசில தண்டனை ஆகி கோயமுத்தூர் மத்திய சிறைக்குப் போறப்ப எனக்கு வயசு 26, படிப்பு அஞ்சாவது, எங்கேயாவது கையெழுத்து போடச் சொன்னா மட்டும் போடுவேன். மொத ரெண்டு வருஷம் யார்கிட்டயும் பேசல. அப்பதான் தறி ஷெட்டுல அவரு பழக்கமானாரு, அண்ணன்னுதான் கூப்பிடுவேன். எனக்கு முன்னாடியே ஏழெட்டு வருஷம் முடிச்சவரு, சட்ட உதவி மையத்துல பி.எல்.வி-யா இருந்தாரு, அதாவது நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்ச நீண்டகால சிறைவாசிகளுக்கு பயிற்சி குடுத்து மத்தவங்களுக்கு அப்பீல், லீவு (பரோல்) மனு எல்லாம் எழுத உதவ வைப்பாங்க, அந்த வேலை.

புதுசா தறிக்கு வர்ற பசங்ககிட்ட எல்லாம் அவரு வ.உ.சி இழுத்த செக்கைப் பத்தி சொல்லுவாரு. அந்த செக்கை இன்னமும் அந்த ஜெயில்லயே நினைவுச்சின்னமா வச்சிருக்காங்க. "அவருக்கு வேலையை தண்டனையா குடுத்தாங்க தம்பி, உனக்கு வேலையை தொழிலா குடுக்கறாங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீணாக்கிராதே"ம்பாரு. தார் (குறுக்கு நூல்) சுத்தறதுல ஆரம்பிச்சு பாவு (நீளவாக்கு நூல்) பிணைக்கறது வரைக்கும் அவருகிட்ட கத்துக்கிட்டேன். அப்பல்லாம் கூலில பாதி ஜெயில் செலவுக்கு, 20 சதவீதம் பாதிக்கப்பட்டவங்களுக்கான நிதிக்கு பிடிச்சுட்டு மீதிதான் நம்ம கணக்குல ஏறும். பிடிக்கறாங்களேனு ஒருநாள் நான் சலிச்சுக்கிட்டப்ப அந்த 20-ஐ பத்தி மட்டும் பேசாதேன்னு சொல்லிட்டு அன்னிக்கு பூரா அவரு என்கூட பேசவே இல்ல. அது ஏன்னு ராத்திரி படுத்து யோசிச்சப்பதான் செத்தவரோட பொண்டாட்டி முகம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி நான் என் கஷ்டத்தை மட்டும்தான் நெனச்சுட்டு இருந்திருக்கேன்.

சாயங்காலம் லாக்கப் ஆகறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கெடைக்கும். அந்த நேரத்துல லீவுல போயிட்டு வந்தவங்கள நடுவுல உக்கார வச்சு வெளிய என்ன மாறியிருக்குனு ஒண்ணுவிடாம கேட்டுக்குவோம். 2016 நவம்பர்ல 500, 1000 செல்லாதுனு ஆனப்ப லீவுல இருந்த ஒருத்தரு பேங்க் வரிசையில நின்ன கதையை ரெண்டு நாள் சொன்னாரு. ஆதார், ரேஷன் கார்டுல பேர் எடுத்துட்டா திரும்ப சேர்க்கறது, டச் போன்ல கால் எடுக்கறது எல்லாம் வாய்ப்பாடாவே கத்துக்கிட்டேன். அட்டைல போன் மாதிரி வெட்டி விரல வச்சு தள்ளிப் பழகியிருக்கோம், பாக்கறவங்களுக்கு விளையாட்டா தெரியலாம், எங்களுக்கு அது படிப்பு.

2018 பிப்ரவரில எம்.ஜி.ஆர் நூற்றாண்டுக்காக அரசாணை வந்துச்சு, பிப்ரவரி 25 தேதிக்கு 10 வருஷம் முடிச்ச ஆயுள் சிறைவாசிகள விடுறதா. என் பேரு லிஸ்ட்ல வரும்னு அண்ணன்தான் கணக்குப் போட்டுச் சொன்னாரு. அவரு கேஸ்ல இருந்த செக்ஷனால அவருக்கு அது பொருந்தாது, அதையும் அவரேதான் படிச்சுச் சொன்னாரு, குரல் மாறவே இல்ல.

அதுக்கப்புறம் நடந்ததுதான் உண்மையான பயிற்சி. மொதல்ல எங்க போறதுங்கற பேச்சு. நான் ஊருக்குத்தான்னு இருந்தேன், பாதிக்கப்பட்ட குடும்பம் அதே தெருவுல இருக்கு, நன்னடத்தை அலுவலர் விசாரணைக்குப் போனா அவங்களையும் கேப்பாங்க, அதவிட முக்கியம் தினமும் உன் முகத்தை அவங்க ஏன் பாக்கணும்னு அண்ணன் கேட்டாரு. அக்கா கோயமுத்தூர் பக்கத்துல தறி ஓடுற ஊரான சோமனூர்ல இருக்கு, அந்த அட்ரஸ குடுத்தோம்.

அடுத்தது வேலை கேக்கறது. அண்ணன் தறி ஓனர் மாதிரி உக்காந்துக்குவாரு, "இத்தன வருஷம் எங்கப்பா இருந்தே?" மொத நாள் கேரளால இருந்தேன்னேன். "கேரளால எந்த ஊரு, யாருகிட்ட"ன்னு நாலே கேள்வில என்னை மாட்டி விட்டுட்டாரு. ரெண்டாவது தடவை முழுக் கதையும் சொல்லி அழுதுட்டேன், அதுவும் வேண்டாம்னாரு. கடைசில நின்னது இதுதான்: "ஜெயில்ல இருந்தனுங்க, கொலை கேஸ், தப்பு என்மேலதான். உள்ள தறி ஓட்டக் கத்துக்கிட்டேன், ஒரு ஷிப்ட் ஓட்டச் சொல்லிப் பாருங்க." இத நூறு தடவையாவது சொல்லிப் பாத்திருப்பேன்.

இன்னொண்ணு தூக்கம். ஜெயில்ல ராத்திரி பூரா லைட் எரியும், பத்து வருஷமா இருட்டே பாக்கல. லீவுல வீட்டுக்குப் போனப்ப இருட்டுல மூச்சு முட்டி எந்திரிச்சு வாசல்ல உக்காந்ததை அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன், அதை ஞாபகம் வச்சு கடைசி மூணு மாசம் துண்டை கண்ணுல கட்டிட்டு படுக்கச் சொன்னாரு. மொத வாரம் முடியல, அப்புறம் பழகிருச்சு.

வெளிய வந்த அன்னிக்கு கேட்டுக்கு வெளிய அக்காவும், எங்களுக்கு முன்னாடியே ரிலீஸ் ஆன ஒருத்தரும் நின்னாங்க. அண்ணன் போஸ்ட் கார்டு போட்டு வரச் சொல்லியிருக்காரு. அந்த ரிலீஸ் ஆனவருதான் ஒரு மாசம் என்னை விடல, ரேஷன் கார்டுல பேரு சேக்கறது, வோட்டர் லிஸ்ட், எல்லாத்துக்கும் கூட வந்தாரு. ஒரு பேங்க்ல கணக்கு ஆரம்பிக்க மூணு தடவை அலைய விட்டாங்க, மூணாவது தடவை நான் கத்தப் போனப்ப கையைப் புடிச்சு டீக்கடைக்கு இழுத்துட்டு வந்துட்டாரு. அன்னிக்கு அவரு இல்லைனா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நெனச்சா கை நடுங்குது.

மூணு தறி ஓனருங்க வேண்டாம்னாங்க. நாலாவது ஆளு கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு ஓட்டிக் காட்டுன்னாரு. இன்னமும் அங்கதான் இருக்கேன்.

மாசம் ஒருக்கா அண்ணனுக்கு மனு போட்டு பாத்துட்டு வருவேன். போன தடவை, ஒரு பையன் அடுத்த வாரம் ரிலீஸ், வாங்கிக்க ஆள் இல்லைனு சொன்னாரு. லீவு போட்டுட்டுப் போய் கேட்டுல நின்னேன். காந்திபுரத்துல டீ குடிக்கறப்ப அந்தப் பையன் பையத் தொறந்து ஒரு பழைய துண்டை காட்டுனான், அண்ணன் குடுத்ததாம், இன்னும் பத்து நாளைக்காவது கட்டிட்டுப் படுன்னு சொல்லி அனுப்பியிருக்காரு.